நாற்பத்திரண்டாவது அன்பளிப்பு

நாற்பத்தொரு பேருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டு, நாற்பத்தொரு பேராலும் ஒரு பக்கம்கூடப் படிக்கப்படாமல், ஒவ்வொரு முறையும் புது ஜிகினாத்தாள் சுற்றிக்கொண்டு மேடை மேடையாக ஏறி இறங்கிய ஒரு புத்தகம், நாற்பத்திரண்டாவதாகப் போய்ச் சேர்ந்த வீட்டில், பொழுது விடிவதற்குள் கனத்துப்போய், இனி யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துகொண்டது. எங்கள் வெள்ளூரணியில் யாரும் இதற்கு ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டும், எங்கள் ஊர்க்காரர்கள் அதை அவ்வளவு எளிதில் செலவழிக்க மாட்டார்கள்.

நான் இந்த ஊர்க் கிளை நூலகர். பெயர் கோமதிநாயகம். இருபத்தாறு வருடமாக இந்த ஜனங்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்க உட்கார்ந்திருக்கிறேன், அவர்களோ தினத்தாளில் ராசிபலன் பார்க்கவும் மின்விசிறிக் காற்று வாங்கவும் வருகிறார்கள். நான் படிக்கிற புத்தகங்களின் பெயரைச் சொன்னால் அவர்களுக்குக் கொட்டாவி வரும். பல்கலைக்கழகங்களின் பதிப்புத் துறைகள் ஐந்நூறு பிரதி அச்சடித்து நானூற்றைம்பதைக் கிடங்கில் கரையானுக்கு விடுகிற புத்தகங்கள், ஒரு மாவட்டத்துக்குள்ளேயே பிறந்து அந்த மாவட்டத்துக்குள்ளேயே செத்துப்போகிற சின்னப் பதிப்பகத்துப் புத்தகங்கள், பனங்கருப்பட்டி காய்ச்சும் அடுப்புகளின் வடிவம் பற்றி, உப்பளத்தில் நடக்கிறவர்களின் பாதவெடிப்பு பற்றி, கோயில் தேர் திரும்பும் தெருமுனைகளின் அகலம் பற்றி ஒரு மனிதன் பத்து வருடம் அலைந்து எழுதி, அவன் மனைவிகூடப் படிக்காமல் விட்ட புத்தகங்கள். வருடா வருடம் டிசம்பரில் ஒரு சிற்றிதழில் ‘கவனம் பெறாத பத்து நூல்கள்’ என்று பட்டியல் போடுவேன். ஊரெல்லாம் ஒரே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்போது யாருக்கும் தெரியாத ஒன்றைக் கையில் வைத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அந்தச் சுகத்தில் கொஞ்சம் திமிரும் இருக்கிறது, அதை நான் மறைத்ததில்லை.

கனத்துப்போன புத்தகத்தின் பெயர் ‘வறண்ட நிலத்துக் கிணறுகள்: ஒரு கள ஆய்வு’. எழுதியவர் பேராசிரியர் கோ. அணஞ்சபெருமாள், பாளையங்கோட்டைக்காரர், புவியியல் சொல்லிக்கொடுத்தவர். முப்பத்தேழு வருடத்துக்கு முன் ஒரு பல்கலைக்கழகம் வெளியிட்டது. பாசிப்பச்சை அட்டை, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், நூற்று முப்பத்தொரு அடிக்குறிப்பு. எப்படியோ ஒரு பிரதி எங்கள் ஊருக்குள் வந்துவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன் இங்கே வந்திருந்த ஒரு அதிகாரி, எனக்குப் பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போக, அன்று முதல் காதுகுத்தானாலும் பணி ஓய்வானாலும் டிரான்ஸ்பார்மர் திறப்பானாலும் புத்தகம் கொடுப்பதுதான் நாகரிகம் என்று ஆகிவிட்டது. ஊரில் விழாக்கள் ஏராளம், புத்தகம் அந்த ஒன்றுதான். வாங்கியவர் ஜிகினாத்தாளைக்கூடப் பிரிக்காமல் பீரோ மேல் போடுவார். அடுத்த விழா வந்ததும் தூசி தட்டி, முதல் பக்கத்தில் தன் பெயரை ஒயிட்னரால் அழித்து, அதன்மேல் அடுத்தவர் பெயரை எழுதி, ‘அன்புடன்’ போட்டுக் கொடுத்துவிடுவார். முதல் பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர்போலத் தடித்துப்போயிருந்தது.

விழாவுக்கு விழா, கொடுக்கிற நூலைப் பற்றி இரண்டு நிமிடம் பேச என்னைக் கூப்பிடுவார்கள். நானும் போய்க் கிணறு, ஈரம், பண்பாடு, வேர்கள் என்று பேசுவேன். கை தட்டுவார்கள்.

நாற்பத்திரண்டாவது ஆள் இசக்கிப்பிரியா. மேலத்தெருவில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போகிற சுடலைவடிவின் மகள், வயது இருபத்தைந்து. நாலு வருடம் என் நூலகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து, என் அலமாரிகளை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்காமல், தன் பையில் கொண்டுவந்த கைடுகளை மட்டும் மனப்பாடம் செய்து, குரூப் ஃபோர் பரீட்சையில் தேறிவிட்டாள். தெருவில் அரசாங்க வேலைக்குப் போகிற முதல் பெண். வார்டு கவுன்சிலர் ஆவுடைநாயகம் சும்மா இருப்பாரா, கொட்டகை போட்டுப் பாராட்டு விழா வைத்தார். சர்டிபிகேட்டோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் எடுத்து வா என்று அவர் சொல்லிவிட்டதால், அவளும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி, சாதிச் சான்றிதழ், வேலைக்கான உத்தரவு என்று மொத்தத்தையும் ஒரு நீல ஃபைலில் போட்டுக் கொண்டுவந்து, போட்டோவுக்கு நின்று, புத்தகம் வாங்கி, வீட்டுக்குப் போய், கைடுகள் கிடக்கிற சுவரோரத் தரையில் ஃபைலை வைத்து, அதன்மேல் புத்தகத்தை வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினாள்.

காலையில் ஃபைலை எடுக்கக் குனிந்தவளால் மேலே இருந்த புத்தகத்தை நகர்த்த முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள். இருவராலும் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஃபைலை இழுக்க, அதன் முனை கிழிந்தது, சுடலைவடிவு போட்ட சத்தத்தில் மேலத்தெரு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கள் தாண்டி அதற்கும் அடுத்த திங்களன்று, அசல் சான்றிதழ்களோடு மாவட்ட அலுவலகத்தில் அவள் வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்து இருக்கிற ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நகல் சான்றிதழ் வாங்க மூன்று மாதம் ஆகும், அதுவும் தொலைந்துபோனதாகப் போலீஸில் எழுதி வாங்க வேண்டும். “தொலையலயே சார், இந்தா இருக்கு, எடுக்கத்தான் முடியல” என்று அவள் போய்ச் சொன்னபோது, ஸ்டேஷனில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்களாம்.

எங்கள் ஊர் சும்மா இருக்குமா? முதலில் ஜிம்முக்குப் போகிற நாலு தடியர்கள் வந்து தொடையைத் தட்டிக்கொண்டு தூக்கினார்கள், ஒருவனுக்கு வாயு பிடித்துக்கொண்டது. அப்புறம் உரக்கடையிலிருந்து கடப்பாரை வந்தது, கடப்பாரை வளைந்தது. கொத்தனார் வந்து தரையைச் சுற்றிலும் உடைத்துத் தோண்டினார், புத்தகம் ஃபைலோடு சேர்ந்து ஒரு சாண் கீழே இறங்கி, குழிக்குள் இன்னும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. பக்கங்களைக் கிழித்துவிட்டால் எடை குறையும் என்று ஒரு மகான் யோசனை சொல்ல, கிழித்துப் பார்த்தார்கள், தாள் தாராளமாகப் புரண்டது, கிழியவில்லை. மூன்றாம் நாள் யாரோ அட்டைக்குக் குங்குமம் வைத்தார்கள். நாலாம் நாள் சூடம் கொளுத்தினார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, தொட்டுக் கும்பிட்டால் கல்வி வரும் என்று தொட வைத்தார். திறந்து பார்க்கட்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தெருமுனையில் வடை வண்டி நின்றது, வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், ஆவுடைநாயகம் தன் படம் போட்ட பேனரில் ‘கல்விக்கே கனம் சேர்த்த எங்கள் வார்டு’ என்று எழுதிக் கட்டினார். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்தார்கள், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றையும் வேறு வேலை இல்லாததால்தான் இசக்கிப்பிரியா செய்தாள். வீடு கொள்ளாத கூட்டம், உட்கார இடமில்லை, அழுது அழுது அலுத்துப்போயிற்று. நாலாம் நாள் மத்தியானம் எல்லாரும் வடை தின்னப் போன நேரத்தில் குழியோரம் குப்புறப் படுத்துக்கொண்டு, அட்டையைத் திறந்து, முன்னுரையைப் படித்தாள். பேராசிரியர் தம் மனைவிக்கு மூன்று கோடை விடுமுறையிலும் வீட்டில் இல்லாமல் போனதற்காக மன்னிப்புக் கேட்டிருந்தார். சைக்கிளுக்குப் பத்தொன்பது முறை பஞ்சர் ஒட்டிய கடைக்காரருக்குப் பெயர் சொல்லி நன்றி எழுதியிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. முன்னுரையை முடித்துவிட்டுச் சும்மா அழுத்திப் பார்த்தபோது, புத்தகத்துக்கும் ஃபைலுக்கும் நடுவே அவள் சுண்டுவிரல் நுழைந்தது.

“அம்மா, படிச்சா கொறையுதும்மா!” என்று கத்தினாள்.

இதைக் கேட்ட கூட்டம் வடையும் கையுமாக ஓடி வந்தது, விஷயத்தைக் கேட்டது, புத்தகத்தின் தடிமனைப் பார்த்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கிரேன் வேண்டுமானால் வரவழைக்கலாம் என்றார் ஆவுடைநாயகம். இதுவரை வாங்கிய நாற்பத்தொரு பேரில் ஒருவராவது படித்திருப்பாரே, அவர் வந்து தூக்கட்டும் என்று யாரோ சொல்ல, வாங்கியவர்களெல்லாம் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள். அப்போதுதான் சுடலைவடிவு நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாள்: “நம்ம லைப்ரரி சார் இருக்காகளே! எத்தன மேடையில இந்தப் புத்தகத்தப் பத்திப் பேசிருக்காக! கையோட கூட்டிட்டு வாங்கய்யா!”

நான் போனேன். சட்டையை மாற்றிக்கொண்டுதான் போனேன். இருபத்தாறு வருடம் என்னைக் கண்டுகொள்ளாத தெரு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அந்த நேரத்தில் எனக்கிருந்த அலட்சியத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்த மூடர்கள் கடப்பாரையால் முடியாததைப் படித்தவன் ஒரு கையால் செய்வான் என்று காட்டிவிட்டு, நாலு வார்த்தை சூடாகவும் சொல்லிவிட்டு வருவதாகத் திட்டம். குழிக்குள் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையால் பிடித்துத் தூக்கினேன். வரவில்லை. இரண்டு கையால் தூக்கினேன். வரவில்லை.

“இடுப்புப் பிடிச்சிக்கிடுச்சு” என்றேன்.

“சார்வாள் படிச்சது வேற பதிப்பா இருக்கும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். ராசிபலன் படிக்க வருகிறவர்கள் சிரித்தார்கள். இசக்கிப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை நான் அதைப் படித்ததாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இதைச் சேர்த்துப் போட்ட வருடத்துப் பட்டியலில் மற்ற ஒன்பதையும் படித்திருந்தேன். இதைப் பற்றி முன்னுரையையும் உள்ளடக்கத்தையும் மேய்ந்துவிட்டு ஒன்றரைப் பக்கம் மதிப்புரை எழுதி, அதையே மேடையில் பேசி, பேசிப் பேசிப் படித்தவனாகவே ஆகிப்போயிருந்தேன்.

எனக்கு அடுத்து வெற்றி கோச்சிங் சென்டர் ஞானதுரை வந்தார். என்னைவிடப் பெரிய மேதை. அத்தியாயத் தலைப்புகளை மட்டும் செல்போனில் படம் எடுத்துப் போய், ஐந்து பக்கத்தில் வினாவிடை தயாரித்து, “இத மட்டும் உருப்போடு பாப்பா, போதும். நாலு வருசமா இப்படித்தான படிச்ச?” என்று கொடுத்தார். அவளும் பழக்கதோஷத்தில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து உருப்போட்டாள். பிறகு எல்லார் முன்னிலையிலும் ஒப்பித்துவிட்டுத் தூக்கினாள். தரை முனகியது, சுண்டுவிரல் போன இடைவெளியும் மூடிக்கொண்டது, புத்தகம் இன்னும் நாலு விரல் கீழே போயிற்று. ஞானதுரை கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து போய்விட்டார். இதற்குள் ஆறு நாள் கழிந்திருந்தது.

ஏழாம் நாள் காலையில் சுடலைவடிவு விளக்குமாற்றை எடுத்து வீட்டுக்குள் நின்ற பக்தர்களையெல்லாம் வெளியே விரட்டிக் கதவைச் சாத்தினாள். “ஏட்டி, யாரும் தூக்க மாட்டாக. நீயே படிச்சி நீயே எடுத்துக்க” என்று சொல்லிவிட்டு, தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு சொல்லி, வாசலில் காவல் உட்கார்ந்துவிட்டாள்.

இசக்கிப்பிரியா படித்தாள். புத்தகத்தைத்தான் தூக்க முடியாதே, அவள்தான் குழி விளிம்பில் குப்புறப் படுத்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்துப் படித்தாள். முதல் நாள் பரீட்சைக்குப் படிப்பதுபோலவே ஓட்டினாள், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு எழுபது பக்கம் தாண்டினாள். தூக்கிப் பார்த்தாள், இம்மியும் அசையவில்லை. கோபத்தில் புத்தகத்தை ஒரு குத்துக் குத்திவிட்டு, கை வலிக்க, மறுபடி முதலிலிருந்து, இந்த முறை பொடி எழுத்தையும் சேர்த்துத் தொடங்கினாள்.

அந்தப் பொடி எழுத்தில்தான் மனிதர் ஒளிந்துகொண்டிருந்தார். மேலே பெரிய எழுத்தில் நிலத்தடி நீர்மட்டம், பாறை அடுக்கு, சராசரி ஆழம் என்று விறைப்பாக நடந்துபோகிறவர், கீழே இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். ஐம்பத்திரண்டாம் அடிக்குறிப்பில் அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருபத்திரண்டு வருடம் ஒரே கிணற்றின் எதிரெதிர்ப் பக்கம் நின்று நீர் இறைத்திருக்கிறார்கள். கல்லில் கயிறு அறுத்த தடத்தைப் பேராசிரியர் அளந்திருக்கிறார், அண்ணன் பக்கம் மூன்று விரல், தம்பி பக்கம் நாலு. ‘தம்பிக்குப் பிள்ளைகள் அதிகம்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான், மேற்கொண்டு பேச்சில்லை. எண்பத்தெட்டாம் அடிக்குறிப்பில் ஒரு அம்மாள், அளவுநாடாவைக் காட்டினால் கிணறு சுருங்கிப்போகும், காட்டாதே என்கிறாள். ‘இக்கூற்றுக்கு ஆதாரம் இல்லை. எனினும் அந்தக் கிணற்றை நாடாவால் அளக்கவில்லை, கண்ணால் மதிப்பிட்டேன்’ என்று எழுதியிருக்கிறார். இருநூறு கிணற்றுக்கு ஒரு பட்டியல், அதில் நீரின் சுவைக்கென்று ஒரு கட்டம். உப்பு, சப்பு, இனிப்பு, துவர்ப்பு என்று போய்க்கொண்டே இருக்கிறது. நூற்று நாற்பதாம் கிணற்றுக்கு நேரே மட்டும் ‘சொல்ல இயலவில்லை’ என்று இருக்கிறது.

இந்தச் சுகத்தை எங்கள் ஊருக்கு எப்படிச் சொல்வது? ஒரு லட்சம் பேர் படித்த புத்தகத்தில் எங்கே அழ வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்று முன்னால் போனவர்களெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டே போயிருப்பார்கள். இப்படிப்பட்ட புத்தகத்தில் யாருடைய காலடியும் இருக்காது. எழுதியவர் நம்மை அழவைக்க முயற்சி செய்திருக்க மாட்டார், நாம் வருவோம் என்றுகூட அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார், கதவை மட்டும் சாத்தாமல் வைத்திருப்பார். நாலு வருடம் விடை தேடி மட்டுமே படித்த இசக்கிப்பிரியா, கேள்வியே இல்லாத ஒரு புத்தகத்தை முதன்முதலாகப் படித்தாள். சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்தாள். “சோறு காயுது, திரும்பிப் பாரு” என்று சுடலைவடிவு சத்தம் போட்டால், “இந்தக் கெணறு மட்டும்மா” என்றாள். அரசாங்க வேலை என்கிற நினைப்பே சில நேரம் அவளுக்கு வரவில்லை என்று பிற்பாடு அவள் அம்மாதான் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

ஞாயிறு சாயங்காலம் கடைசிப் பக்கம் முடிந்தது. தெருவே வாசலில் நின்றது. பேனர், வடை வண்டி, மேளம் எல்லாம் இருந்தது. அவள் ஒரு கையால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மறு கையில் முனை கிழிந்த ஃபைலோடு வெளியே வந்தாள். கை தட்டினார்கள். ஆவுடைநாயகம் முன்னால் வந்து, நினைவுப் பரிசு என்று புத்தகம்போல எதையோ ஜிகினாத்தாளில் சுற்றி நீட்ட, “அண்ணாச்சி, இத நீங்க படிச்சிட்டீகளா?” என்று அவள் கேட்டாள். அவர் நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் அவள் நூலகத்துக்கு வந்தாள். நான் அப்போதுதான் திறந்து, வருகைப் பதிவேட்டை விரித்து வைத்திருந்தேன்.

“மொதல் பக்கத்து ஒயிட்னர நகத்தால சொரண்டிப் பார்த்தேன் சார். எல்லாப் பேருக்கும் அடியில ஒரு பேரு இருந்துச்சி” என்றாள். திறந்து காட்டினாள். நீல மையில், ஒரு ஆசிரியரின் குண்டுக் கையெழுத்தில்: ‘நூலகர் திரு. கோமதிநாயகம் அவர்களுக்கு, படித்துப் பிழை சொல்வதற்காக, அன்புடன்.’

எப்படியோ ஒரு பிரதி ஊருக்குள் வந்துவிட்டது என்று முன்னால் எழுதினேன், அது பொய். அணஞ்சபெருமாள் ஐயா ஒன்பது வருடத்துக்கு முன் என் பட்டியல்களைப் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தன்னிடம் மிஞ்சியிருந்த பிரதிகளில் ஒன்றைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வாரமே அதிகாரிக்குக் கொடுக்க அவசரமாக ஒரு புத்தகம் கேட்டார்கள். என் அலமாரியில் எனக்குப் பிடித்தவை நிறைய இருந்தன, அவற்றைக் கொடுக்க மனம் வரவில்லை, இதைக் கொடுத்தேன். முதல் ஒயிட்னர் என்னுடையது. அதிகாரி கிளம்பும்போது அதை மேடை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார், அங்கிருந்து அதன் பயணம் தொடங்கியது.

“இது ஒங்களுக்குக் குடுத்தது சார்” என்று சொல்லி, புத்தகத்தை வருகைப் பதிவேட்டின்மேல் வைத்துவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள். அன்றே வேலையில் சேர்ந்தாள்.

ஊர் மறுபடியும் பொன்னாடைக்கு மாறிவிட்டது. அதற்குக் கனமும் இல்லை, அதைப் படிக்கவும் வேண்டாம். வீட்டில் கிடந்த கைடுகளும் பழைய பாடப்புத்தகங்களும் எங்கே கனத்துவிடுமோ என்று பயந்து, சொந்தக்காரரை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு ஓடுகிற மாதிரி, நூலக வாசலில் ஆட்டோ ஆட்டோவாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். மேலத்தெருக் குழியைச் சிமெண்டு வைத்துப் பூசியாயிற்று. இப்போது யாரிடம் கேட்டாலும், அப்படி ஒன்று நடந்தது, வடை நன்றாக இருந்தது என்பார்கள்.

எனக்குத்தான் விமோசனம் இல்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியவில்லை, மாவட்ட ஆய்வாளர் மாதக் கடைசியில் வருவார், புத்தகமோ என் கைக்கு மலையாக இருந்தது. வேறு வழியில்லாமல் மேசைமேல் குனிந்து படிக்கத் தொடங்கினேன். தொடங்கிய பிறகு ஆய்வாளரை மறந்தேன். ஒன்பது வருடம் இதை என் ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இதைப் பற்றி மேடைதோறும் பேசிக்கொண்டு, இதைப் படிக்காமல் இருந்தவன் நான் என்று நினைக்கும்போதெல்லாம் என்மேல் எனக்கே காறித் துப்பலாம்போல இருந்தது. ராசிபலன் படிக்கிறவர்கள் எவ்வளவோ தேவலை, ராசிபலனையாவது முழுதாகப் படிக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் இப்படி அச்சிட்டிருந்தது: ‘இதுவரை வந்த அன்பருக்கு. இந்நூலில் பிழைகள் இருக்கும். இருநூறு கிணறுகளைத் தனி ஒருவன் அளந்தால் இருந்தே தீரும். கண்டவர் கீழ்க்காணும் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுக. பிழை ஒன்றும் இல்லை என்பவர் படிக்கவில்லை என்றே கொள்வேன்.’

ஐயா புத்தகம் கொடுத்த மறுமாதம் இன்னொரு முறை வந்தார். பங்குனி வெயில். நான் தம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். “ஏதாவது கொறை கண்டீங்களா?” என்று கேட்டார். “ஒரு கொறையும் இல்லய்யா, அற்புதம்!” என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு, “சரிங்க” என்று பையை எடுத்துக்கொண்டு போனார். பெருமையைத் தாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதர் என்று அப்போது நினைத்தேன்.

போன மாதம் இசக்கிப்பிரியா லீவில் வந்திருந்தாள். வேலையில் சேர்ந்த அன்றே அவள் ஒரு அஞ்சலட்டை எழுதியிருக்கிறாள்: எங்கள் வெள்ளூரணி மேலத்தெருக் கிணற்றுக்கு முப்பத்திரண்டு படி என்று போட்டிருக்கிறீர்கள், முப்பத்துமூன்று, நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது தண்ணீர் வற்றியது, குடத்தோடு இறங்கியபோது கடைசிப் படியில் நின்றிருக்கிறேன். அதற்கு வந்த பதிலை என்னிடம் காட்டினாள். குண்டுக் கையெழுத்து இப்போது நடுங்கிக் கோணலாக ஆகியிருந்தது. ‘முப்பத்துமூன்று சரி. திருத்திக்கொண்டேன். எனக்கு எண்பத்தெட்டு வயது. இந்நூலுக்கு வந்த முதல் கடிதம் இது. மிக்க மகிழ்ச்சி, அம்மா.’

புத்தகம் இப்போது என் கைக்குப் பூவாக வருகிறது. பதிவேட்டிலிருந்து எடுத்தாயிற்று, ஆய்வாளரும் வந்து போயாயிற்று. நான் மூன்றாவது முறை படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு அஞ்சலட்டை வாங்கி முகவரி எழுதி வைத்திருக்கிறேன், மற்ற பக்கம் காலியாக இருக்கிறது. மறுபடியும் குறையே இல்லை என்று எழுத முடியாது, எழுதினால் நம்ப மாட்டார். கூட்டல் கணக்குகளைச் சரிபார்த்தேன், எழுத்துப்பிழை தேடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அளவுநாடாவும் கயிறும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஒவ்வொரு கிணறாகப் போய் அளந்துகொண்டிருக்கிறேன். நேற்றுப் பதினேழாம் எண் கிணற்றில் இறங்கி, முட்டி பேர்ந்து, மூன்று தடவை எண்ணினேன். இருபத்தெட்டுப் படி. புத்தகத்திலும் இருபத்தெட்டு. பாவி மனுசன், சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.